அரண்மனையைப் படிக்கும் முறை

அரசர் வாழ்ந்த மாளிகை ஒன்று, அவர் நீங்கிய பின்னர்ப் பொதுமக்கள் வந்து காணும் காட்சிசாலையாக மாறுமானால், அது ஒரு நூலின் தன்மையை அடைந்துவிடுகிறது. முன்னாளில் அதன் வாயிலில் காவலர் நின்றனர். இன்னார் புகலாம், இன்னார் புகலாகாது என்று தடுத்தனர். இந்நாளில் வாயில் எல்லார்க்கும் திறந்திருக்கிறது. ஆனால் வாயில் திறந்திருப்பது வேறு, பொருள் திறந்திருப்பது வேறு. ஏட்டைக் கையில் வைத்திருப்போரெல்லாம் பாட்டின் பொருளை உணர்ந்தவர் ஆகார். பாட்டுக்கு உரை வேண்டுவது போலவே மாளிகைக்கும் உரை வேண்டும். உரையின்றிப் பார்ப்பவர் பொன்னையும் பட்டையும் கண்டு வியந்து, வந்த வழியே திரும்பிவிடுவர்.

நம் பள்ளி மாணவர் எழுதும் சுற்றுலாக் கட்டுரைகளைத் திருத்திய ஆசிரியர்க்கு இது நன்கு விளங்கும். காலையில் பேருந்து ஏறியது ஒரு பத்தி. வழியில் உண்டது ஒரு பத்தி. அரண்மனை பெரியதாகவும் அழகியதாகவும் இருந்தது என்பது ஒரே வரி. மகிழ்ச்சியோடு வீடு திரும்பியது இன்னொரு பத்தி. அரண்மனையைக் காட்டிலும் வழியில் உண்ட உணவு மிகுதியான இடத்தைப் பெற்றுவிடுகிறது. மாணவரை இதற்காகக் கடிந்து பயனில்லை. கண் இருக்கிறது, காணும் முறை கற்பிக்கப்பெறவில்லை.

காணும் முறை என்பது பெரிய வித்தையன்று. மூன்று வினாக்களைக் கையில் கொண்டு உள்ளே நுழைந்தால் போதும். இங்கு யார் வாழ்ந்தார்? இதனை யார் செய்தார்? இதற்கு வெளியே யார் நின்றார்? முதல் வினாவுக்கு விடை தராத காட்சிசாலை உலகத்தில் இல்லை. இரண்டாவதற்கு விடை தருவன சில. மூன்றாவதற்கு விடை தருவன மிகச் சில. ஒரு மாளிகையின் தரத்தை அதன் தூண்களின் உயரத்தைக் கொண்டு அளப்பதை விட்டு, பின்னிரண்டு வினாக்களுக்கு அது தரும் விடையைக் கொண்டு அளக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

நக்கீரர் காட்டிய மாளிகை

இம்மூன்று வினாக்களும் மேனாட்டிலிருந்து இரவல் பெற்றவை அல்ல. பத்துப்பாட்டினுள் ஒன்றாகிய நெடுநல்வாடையைப் படிப்பவர் இவற்றை அங்கேயே காணலாம். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் 188 அடிகளில் பாடிய அப்பாட்டில் ஓர் அரண்மனை எழுகிறது. தமிழில் அரண்மனை கட்டும் முறையை அத்துணை நுணுக்கமாகக் கூறும் பழம்பாட்டு வேறொன்று உண்டோ என்று ஐயுறலாம். நண்பகலில் கோல் நட்டு நிழல் பார்த்துத் திசை குறிப்பதும், மனைநூல் வல்லார் கயிறு பிடித்து நிலத்தை வகுப்பதும், கொடியேந்திய யானை தலை தாழாமற் புகும் அளவுக்கு வாயில் அமைப்பதும் முறையாக வருகின்றன. இவை கடந்து உள்ளே சென்றால் அரசியின் கட்டில் இருக்கிறது.

அக்கட்டிலை நக்கீரர் எவ்வாறு அறிமுகம் செய்கிறார் என்பதைத் தமிழாசிரியர் ஊன்றி நோக்க வேண்டும். அழகிய கட்டில் என்று கூறி அவர் அமைந்துவிடவில்லை. போரில் பட்ட நாற்பதாண்டு யானையின் கொம்பு அதில் இருக்கிறது. அக்கொம்பைச் செதுக்கி இலை வடிவம் அமைத்த தச்சனின் கூரிய உளி இருக்கிறது. அரண்மனை விளக்கைச் சொல்லும்போதும் அதனைச் செய்த யவனரைச் சொல்லாமல் விடவில்லை. பொருள் கண்ணில் பட்ட அக்கணமே அதனைச் செய்த கையும் அவர் கண்ணில் படுகிறது. இதுவே நம் இரண்டாம் வினாவின் விடை.

மூன்றாம் வினாவுக்கு வருவோம். பாட்டுத் தொடங்குவது அரண்மனையில் அன்று. அடைமழையில் வெள்ளத்துக்கு அஞ்சித் தம் ஆநிரையை மேட்டு நிலத்துக்கு ஓட்டிச் சென்று, கையில் கொள்ளியோடு குளிரால் கன்னம் நடுங்க நிற்கும் இடையரிடத்தில் தொடங்குகிறது. பின்னரே நகரம் வருகிறது. நகரத்தின் பெருமனைகளில் நறுமணக் கூட்டு அரைக்கும் குற்றேவலர் வருகின்றனர். அதன்பின் அரண்மனை. அதன்பின் கணவனைப் பிரிந்து அணிகலன் துறந்து வருந்தும் அரசி. அங்கும் பாட்டு நின்றுவிடவில்லை. நள்ளிரவில், வாடைக்காற்றில் விளக்குச் சுடர் சாய, பாசறையில் புண்பட்டுக் கிடக்கும் வீரரைக் கண்டு ஆற்றிக்கொண்டு செல்லும் அரசனிடத்தில் சென்று முடிகிறது.

வெளியே நின்ற இடையரில் தொடங்கி, வெளியே கிடந்த வீரரில் முடிந்து, இடையில் அரண்மனையை வைத்தார் நக்கீரர். அரண்மனையின் பெருமை இதனால் குறைந்ததா? குறையவில்லை. கோவலர் நடுங்கிய குளிரும் வீரர் பட்ட புண்ணும் அக்கட்டிலுக்கு எடை தந்தன. அவ்விரண்டையும் நீக்கிவிட்டுக் கட்டிலை மட்டும் காட்டினால் எஞ்சுவது தந்தத்தாற் செய்த தட்டுமுட்டுப் பொருள் ஒன்றே.

மணிமேகலையிலும் இப்பார்வை உண்டு. சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக்கிய காதையில், காயசண்டிகை வடிவில் வந்த மணிமேகலை, அரசனிடம் வரம் வேண்டிச் சிறைச்சாலையை அறச்சாலையாக மாற்றுகிறாள். ஒரு கட்டடம் தன் பழைய தொழிலை விட்டுப் புதுத் தொழிலை மேற்கொள்ளும் செய்தி இது. அதே காதையில் அரசனுடைய பொழிலில் உள்ள மண்டபம் ஒன்று வருகிறது. மகதம், மராட்டம், அவந்தி, யவனம் எனப் பல நாட்டுக் கைவினைஞரும் தமிழ்த் தொழிலாளரோடு கூடி அமைத்தது என்று சாத்தனார் அதற்குச் சான்றிதழ் தருகிறார். கட்டடத்தைச் சொல்லுமிடத்துக் கட்டியவரையும் சொல்வது நம் புலவர் மரபு. அம்மரபை அளவுகோலாகக் கொண்டு, காட்சிசாலையாகிவிட்ட மூன்று மாளிகைகளை நோக்குவோம்.

வெனிசு

இத்தாலி நாட்டு வெனிசு நகரத்தில் 'டோஜே' எனப்பெற்ற தலைவரின் அரண்மனை இருக்கிறது. இன்று காணும் வடிவத்தை அது 14ஆம் நூற்றாண்டில் பெறத் தொடங்கியது. 1797-இல் நெப்போலியனுக்குப் பணிந்து வெனிசுக் குடியரசு முடிவுற்றபின் பல அலுவலகங்களுக்கு இடமாயிருந்து, 1923 முதல் காட்சிசாலையாக விளங்குகிறது. ஓவியம் நிறைந்த மண்டபங்களும் பொன்பூசிய மேற்கூரையும் அங்கு உண்டு. அவற்றைப் புகழ்ந்தோர் பலர். நமக்கு வேண்டியவை வேறு இரண்டு.

முதலாவது, அவ்வரண்மனையின் கீழ்த்தளத் தூண்கள். அவற்றின் போதிகைகளில் பற்பல உருவங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். ஒரு போதிகையில் கல்தச்சர், பொற்கொல்லர், செருப்புத் தைப்பவர், மரத்தச்சர், உழவர், கொல்லர் முதலான தொழிலாளர் தத்தம் வேலையைச் செய்தபடி வீற்றிருக்கின்றனர். அரசின் சுமை முழுவதையும் தாங்கும் தூணின் தலையில் தொழிலாளியை வைத்தது அச்சிற்பியின் அறிவு. இரண்டாவது, அரண்மனையின் சிறை. நீதிமன்ற அறைகளிலிருந்து சிறைக்குச் செல்லும் சிறு பாலத்துக்குப் 'பெருமூச்சுப் பாலம்' என்று பெயர். எழுத்தர் அமர்ந்த குறுகிய அறைகளையும், கைதிகளைக் கயிற்றில் தொங்கவிட்டு வினவிய கூடத்தையும், ஈயக் கூரையின் கீழிருந்த சிறையறைகளையும் இன்று மக்கள் சென்று காணலாம். பொன் மண்டபத்தைக் காட்டிய அதே கை இருட்டறையையும் காட்டுகிறது. ஆட்சி என்பது இரண்டும் சேர்ந்தது என்னும் உண்மையை அது மறைக்கவில்லை. ஆகவே பின்னிரண்டு வினாக்களுக்கும் வெனிசு ஒருவாறு விடை கூறிவிடுகிறது.

மதுரை

வெனிசிலிருந்து மதுரைக்கு வருவது எளிது. 1636-இல் எழுந்த திருமலை நாயக்கர் மகாலை வடிவமைத்தவர் ஓர் இத்தாலியச் சிற்பி என்று சொல்வாருளர். அப்படிச் சொல்லும்போதும் 'ஓர் இத்தாலியர்' என்பதற்கு மேல் அவர்க்குப் பெயரில்லை. அவர் சொல்லச் சொல்லச் செங்கல் அடுக்கியவர்க்கும், சுண்ணாம்பு அரைத்துச் சுதை பூசி அத்தூண்களைப் பளிங்கு போல் மெருகிட்டவர்க்கும் 'ஓர்' என்னும் சொல்கூடக் கிட்டவில்லை. திருமலை நாயக்கரின் பேரர் சொக்கநாத நாயக்கர் மகாலின் பெரும்பகுதியைப் பிரித்துத் திருச்சிராப்பள்ளிக்குக் கொண்டு சென்றார். எஞ்சியதைப் பின்னாளில் சென்னை ஆளுநர் நேப்பியர் பிரபு பழுது பார்க்கச் செய்தார். கட்டிய அரசர் பெயர், கலைத்த அரசர் பெயர், காத்த ஆளுநர் பெயர் மூன்றும் நமக்குத் தெரியும். மெருகிட்ட கையின் பெயர் தெரியாது. இரண்டாம் வினாவில் மதுரை மகால் தவறிவிடுகிறது.

ஆயினும் மூன்றாம் வினாவில் அதற்கு ஒரு நல்ல மதிப்பெண் தரலாம். அங்கு நிகழ்த்தப்பெற்று வந்த ஒலி ஒளிக் காட்சியில் நாயக்கர் வரலாற்றோடு சிலப்பதிகாரக் கதையும் சேர்ந்திருந்தது. நாயக்கர் மகாலுக்கும் கண்ணகிக்கும் இடையே ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட இடைவெளி உண்டு. காலப் பொருத்தம் இல்லை என்று வரலாற்றாசிரியர் குறை கூறலாம். ஆனால் கருத்துப் பொருத்தம் மிக உண்டு. அரண்மனை வாயிலில் நின்று, உள்ளே இருந்தவனை நீதி கேட்டவள் கண்ணகி. அரண்மனைச் சுவரின்மீது அவள் கதையை ஒலிக்கச் செய்தது, அறிந்து செய்தாலும் அறியாமற் செய்தாலும், செம்மையான செயல். வாயிலுக்கு வெளியே நின்றவரின் குரல் அரண்மனைக்குள் கேட்கும்போதுதான் காட்சிசாலை முழுமை அடைகிறது.

செரி மெனாந்தி

இனி நம் நெகிரி செம்பிலானுக்கு வருவோம். கோலப் பிலாவுக்கு அண்மையில், மலைசூழ்ந்த செரி மெனாந்தியில், 'இஸ்தானா லாமா' என்னும் பழைய அரண்மனை இருக்கிறது. சிரம்பானிலிருந்து செல்வோர் புக்கிட் புத்துஸ் மலையைக் கடந்து செல்ல வேண்டும். 1875 டிசம்பரில் யாம்துவான் அந்தாவின் வீரர்க்கும் பிரிட்டிஷ் படைக்கும் போர் நடந்த மலை அது. அப்படையில் இந்தியாவிலிருந்து கொணரப்பெற்ற கூர்க்கா வீரரும் இருந்தனர். அப்போரில் செரி மெனாந்தியில் முன்பிருந்த அரண்மனை பிரிட்டிஷ் படையால் எரிக்கப்பட்டது. இன்று நாம் காண்பது சாம்பலுக்குப் பின் எழுந்த வீடு என்பதை மறந்துவிட்டு அதனைப் பார்த்தல் கூடாது.

யாம்துவான் அந்தாவின் மைந்தர் துவாங்கு முகம்மது ஆண்ட காலத்தில், 1902-இல் தொடங்கி 1908-இல் இவ்வரண்மனை முடிந்தது. செங்ஙால் என்னும் வன்மரத்தால், நான்கு அடுக்காக, இரும்பு ஆணி இன்றி மரமுளைகளைக் கொண்டே இசைத்துக் கட்டியது. தூண்கள் 99. லுவாக் எனப்பெறும் நிலப்பிரிவுகளைச் சேர்ந்த 99 வீரர்க்கு அடையாளமாக அவை நிற்கின்றன என்பது வழிவழிச் செய்தி. நடுவிலுள்ள நான்கு பெருந்தூண்கள் அடியிலிருந்து உச்சி அடுக்குவரை உயர்ந்து செல்கின்றன. கீழே அரசவை, அதன்மேல் அரச குடும்பத்தார் உறைவிடம், உச்சியில் ஆவணங்களையும் செல்வத்தையும் காத்த அறை. அரச குடும்பத்தார் 1931 வரை இங்கு வாழ்ந்து, பின்னர் அருகில் எழுந்த புதிய அரண்மனைக்குச் சென்றனர். 1992 முதல் இது அரச காட்சிசாலை. துவாங்கு முகம்மதுவின் மைந்தர் துவாங்கு அப்துல் ரகுமான்தான் 1957-இல் விடுதலை பெற்ற மலாயாவின் முதல் மாமன்னராக வீற்றிருந்தார்.

மரத்தில் எழுந்த இக்காவியத்தை நம் அளவுகோலால் அளந்து பார்ப்போம். முதல் வினாவுக்கு விடை வெளிப்படை. இரண்டாம் வினாவில் செரி மெனாந்தி மதுரையை வென்றுவிடுகிறது. இதனைச் செய்த மலாய்த் தச்சர் இருவரின் பெயரும் இன்றுவரை வழங்குகின்றன: துக்காங் காஹார், துக்காங் தாயிப். 'துக்காங்' என்பது கைவினைஞர்க்கு மலாயில் வழங்கும் பெயர். அரண்மனையைப் பற்றிய குறிப்பு எதனை எடுத்தாலும் துவாங்குவின் பெயரோடு இவ்விரு தச்சரின் பெயரும் உடன் வருகின்றன. இது சிறு செய்தியன்று. தஞ்சைப் பெருங்கோயில் கல்வெட்டு அதனைச் செய்த பெருந்தச்சனின் பெயரைக் காத்தது போல, செரி மெனாந்தி மக்களின் நினைவு தம் தச்சரைக் காத்திருக்கிறது. தன் தச்சரை நினைக்கும் மக்கள் தம்மைத்தாமே மதிக்கும் மக்கள்.

மூன்றாம் வினாவுக்கும் ஒரு பாதி விடை அங்கே உண்டு. 99 தூண்கள் 99 வீரரைக் குறிப்பன என்றால், அரசரின் வீட்டை வெளியே நின்ற வீரர் தாங்குகின்றனர் என்பதே பொருள். நெகிரி செம்பிலானில் யாம்துவான் பெசாரைச் சுங்கை ஊஜோங், ஜெலெபு, ஜொகோல், ரெம்பாவ் என்னும் நான்கு பகுதிகளின் உண்டாங் தலைவர்கள் கூடித் தேர்ந்தெடுக்கும் மரபு உண்டு. தந்தைக்குப் பின் மகன் என்று தானே வந்து சேர்வதன்று அரசு. பிறர் கூடி உயர்த்துவது. 1773-இல் மினாங்கபாவிலிருந்து ராஜா மெலேவார் வந்த காலந்தொட்டு வரும் அம்மரபை, பலர் தாங்கும் தூண்களாக மரத்தில் எழுதிவைத்தனர் என்று நாம் உரை கூறலாம்.

பாதி விடை என்றேன். மற்றப் பாதி யாது? அதனை ஒரு மாணவி கேட்டாள்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தோட்டப் பள்ளி ஆறாம் ஆண்டு மாணவரை அங்கு அழைத்துச் சென்றோம். மூன்று வினாக்களையும் முன்னாளே கரும்பலகையில் எழுதிக் குறித்துக்கொள்ளச் செய்திருந்தேன். மாணவர் தூண்களை எண்ணினர். எண்ணிக்கை ஒருவர்க்கொருவர் மாறியதால் பூசலிட்டனர். கட்டிய ஆண்டை எழுதிக்கொண்ட மாணவி ஒருத்தி, "ஐயா, 1902-லேருந்து 1908 வரைக்கும் இத கட்டுனாங்கன்னா, அப்போ நம்ம தாத்தா பாட்டியெல்லாம் எங்க இருந்தாங்க?" என்றாள். "உன் தாத்தாவே பிறக்கவில்லையே, அம்மா" என்று ஒருவர் சொல்லிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவள் கேட்டது மூன்றாம் வினா.

அதே ஆண்டுகளில்

1902 முதல் 1908 வரை என்பது மலாயாவின் வரலாற்றில் வெறும் ஆறாண்டு அன்று. காப்பித் தோட்டங்கள் சரிந்து, ரப்பர் எழுந்த காலம். மேனாட்டில் மோட்டார் வண்டி பெருகப் பெருக, இங்குக் காடு குறையக் குறைய, ரப்பர் நிரைகள் நீண்டன. நெகிரி செம்பிலானின் மேற்குப் பகுதியில், சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையில், 1891-இல் வந்த இருப்புப் பாதையின் இருமருங்கும் தோட்டங்கள் எழுந்தன. அக்காட்டை அழித்துக் கன்று நட்டவர் தமிழ்நாட்டிலிருந்து நாகப்பட்டினம் வழியே கப்பல் ஏறி வந்தவர். அரண்மனை முடிவதற்கு ஓராண்டுக்கு முன், 1907-இல், தமிழ்த் தொழிலாளரைக் கொணரும் செலவுக்கென்றே ஒரு குடியேற்ற நிதி சட்டத்தால் அமைந்தது. அரண்மனை முடிந்து இரண்டாண்டு கழித்து, 1910-இல், ஒப்பந்தக் கூலிமுறை ஒழிந்தது. கங்காணி முறை அதன் பின்னும் நெடுநாள் நீடித்தது.

அஃதாவது, காஹாரும் தாயிப்பும் செங்ஙால் மரத்தை இழைத்த அதே ஆறாண்டில், அதே மாநிலத்தில், மலைக்கு அப்பால், நம் முன்னோர் மரம் வெட்டினர். அங்கு வெட்டிய மரம் அரண்மனையாயிற்று. இங்கு வெட்டிய மரம் எரிந்து சாம்பலாகி, அதன்மேல் ரப்பர்க் கன்று எழுந்தது. அங்கு இருவர் பெயர் நின்றது. இங்கு எத்தனை ஆயிரவர் பெயர் நின்றது? செக்ரோல் புத்தகத்தில் நின்றது. அப்புத்தகம் எத்தனை தோட்டத்து அலுவலகத்தில் இன்று இருக்கிறது என்று நண்பர்கள் தத்தம் இடத்தில் சென்று பார்க்கட்டும்.

இவ்விடத்தில் ஒரு தெளிவு வேண்டும். அரண்மனைக் காட்சிசாலை நம் முன்னோரைக் காட்டவில்லையே என்று செரி மெனாந்தியின்மீது குறை சொல்வது அறிவுடைமை ஆகாது. அது அரசரின் வீடு. அதன் கடன் அரசரின் கதையையும் அதனைச் செய்தவரின் கதையையும் காப்பது. அக்கடனை அது செய்கிறது. நம் கதையைக் காக்கும் கடன் நம்முடையது. தச்சரின் பெயரைத் தச்சரின் மக்கள் காத்தனர். பால்மரம் வெட்டியவரின் பெயரை வேறு யார் வந்து காப்பார்?

எதிர்வாதங்கள் இரண்டு

இக்கருத்தைக் கேட்போர் இருவகையாக மறுப்பர். முதல் வகையினர், "தமிழன் ஆண்ட இனம், அவனுக்கு அரண்மனை உண்டு, கோட்டை உண்டு, லயத்து வீட்டையும் மங்கையும் வாளியையும் காட்டி அவனை ஏன் தாழ்த்த வேண்டும்?" என்பர். மேடைகளில் இக்குரலுக்குக் கைதட்டல் மிகுதி. ஆனால் இவர்கள் நக்கீரரைப் படித்தவர் அல்லர். பாண்டியன் அரண்மனையைப் பாடியவர் அவர். இவர்களைவிட அவர்க்கு அரண்மனை நன்கு தெரியும். அவரே குளிரில் நடுங்கிய இடையரிலிருந்து தொடங்கினார் என்றால், உழைப்பவனைக் காட்டுவது இனத்தைத் தாழ்த்துவதாகாது. அன்றியும், ஆண்ட பெருமையை மட்டும் சொல்லி வளர்க்கப்பட்ட சிறுவன், தன் பாட்டி விடியலில் பிரட்டுக் களத்தில் நின்றதைக் கேட்டால் நாணுகிறான். நாண வேண்டாத ஒன்றுக்கு அவனை நாணச் செய்ததே அப்பெருமையின் பயன்.

இரண்டாம் வகையினர், "துன்பத்தைக் காட்சியாக வைப்பதா? லயத்து வீடு இடிந்தொழிந்ததே நன்று, நினைக்கவும் வேண்டாம்" என்பர். இவர் கூற்றில் உண்மை உண்டு. ஒழுகும் கூரையின் கீழ் வாழ்ந்தவர்க்கு அக்கூரையின்மேல் அன்பு இராது. ஆனால் வெனிசை நினைக்க. சிறையறையைக் காத்தது சிறையை விரும்பியதால் அன்று. அங்குப் பெருமூச்செறிந்தவரை மறவாமைக்காக. லயம் மீண்டும் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அதன் ஓர் அறையேனும் நின்றால், இருண்ட அவ்வறையில் விளக்கேற்றிப் படித்து வெளியேறியவரின் பெருமை நிற்கும் என்றே கேட்கிறோம்.

மரவீட்டை நகர்த்துதல் இயலாதது என்று சொல்வார்க்கும் இம்மாநிலமே விடை கூறுகிறது. 19ஆம் நூற்றாண்டில் கட்டிய அம்பாங் திங்கி அரண்மனையை 1953-இல் பகுதி பகுதியாகப் பிரித்துச் சிரம்பானுக்குக் கொணர்ந்து மீண்டும் நிறுவினர். அரண்மனை இடம் பெயர முடியுமானால் லயத்து வீட்டின் ஒரு கதவு இடம் பெயர முடியாதா?

ஆசிரியர் செய்யத்தக்கது

பெருங் காட்சிசாலை எழுவதற்குப் பணம் வேண்டும், நிலம் வேண்டும், அரசின் இசைவு வேண்டும். அதுவரை காத்திருக்கத் தோட்டப் பள்ளிக்கு நேரமில்லை. தோட்டங்கள் கைமாறுகின்றன, ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை, செம்பனை இருந்த இடத்தில் வீடமைப்பு. மக்கள் நகரத்துக்குச் சென்றுவிட்டனர்; பல பள்ளிகள் அவரைத் தொடர்ந்து சென்றுவிட்டன. பள்ளி நகரும்போது நாற்காலியும் மேசையும் பட்டியலில் ஏறுகின்றன. பழைய சேர்க்கைப் பதிவேடு? அதில்தான் ஐம்பது, அறுபது ஆண்டுக்கு முன் நம் குழந்தைகளின் பெயரும், தந்தை செய்த தொழிலும், தோட்டத்தின் பிரிவும் எழுதப்பட்டிருக்கின்றன. பத்துக் குழந்தைகள் இருந்தால் தோட்டத்தார் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்ததன் விளைவாய்த் தோன்றிய பள்ளிகள் பல. அவற்றின் பதிவேடு நம் கல்வெட்டு. அது கறையானுக்கு இரையாவது, கோயிற் கல்வெட்டைப் பெயர்த்துப் படிக்கல்லாகப் போடுவதற்கு ஒப்பானது.

எங்கள் பள்ளியில் அச்சுற்றுலாவுக்குப் பின் ஓர் அலமாரியை இதற்கென ஒதுக்கினோம். மாணவர் தம் வீடுகளிலிருந்து பொருள் கொணர்ந்தனர்: பால்வெட்டுக் கத்தி, மங்கு, காண்டாக் கம்பு, தலையில் கட்டும் விளக்கு, ஆயாக் கொட்டகையில் கட்டிய தொட்டிலின் இரும்பு வளையம். ஒரே ஒரு விதி வைத்தோம்: பயன்படுத்தியவரின் பெயர் எழுதாத பொருளை அலமாரியில் வைப்பதில்லை. 'பழைய கத்தி' என்று எழுதி வந்த சீட்டைத் திருப்பி அனுப்பினோம். இன்னார், இன்ன தோட்டத்தின் இன்ன பிரிவில், இன்ன ஆண்டிலிருந்து இன்ன ஆண்டுவரை இதனால் மரம் வெட்டினார் என்று எழுதி வந்தபின் ஏற்றுக்கொண்டோம். அதற்காக மாணவர் தம் பாட்டியிடம் சென்று உட்கார வேண்டியதாயிற்று; கேட்க வேண்டியதாயிற்று; கேட்டதைப் பிழையின்றி எழுத வேண்டியதாயிற்று. கட்டுரைப் பயிற்சிக்கு இதனினும் சிறந்த வழியை ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எனக்கு ஒருவரும் காட்டவில்லை.

அரண்மனை கண்டு வந்த மாணவி எழுதிய கட்டுரை இரண்டு பகுதியாக இருந்தது. ஒரு பகுதி, 1902-இல் காஹார் என்ற தச்சர் என்ன செய்தார் என்பது. மறுபகுதி, தன் கொள்ளுப்பாட்டனார் எங்கிருந்திருப்பார் என்று தன் பாட்டியைக் கேட்டறிந்தது. 'அழகாக இருந்தது' என்னும் தொடர் அதில் ஓரிடத்தும் இல்லை. ஆனால் படித்தவர்க்கு அழகு தெரிந்தது.

தமிழாசிரியர் நெடுநல்வாடையை நடத்தும்போது, பொருள் கூறி, திணை கூறி, வேம்பின் அடையாளத்தால் அது புறமாயிற்று என்னும் நச்சினார்க்கினியர் கருத்தையும் கூறி முடித்துவிடுகிறோம். அதனோடு ஒன்று சேர்த்தல் நலம். கட்டிலைக் கண்டால் உளியைத் தேடு. அரண்மனையைக் கண்டால் இடையனைத் தேடு என்னும் நக்கீரர் பார்வையை மாணவர் கண்ணுக்கு ஏற்றிவிடுதல் வேண்டும். அப்பார்வை பெற்ற மாணவர் வெனிசுக்குச் சென்றால் போதிகையில் அமர்ந்த செருப்புத் தொழிலாளியைக் காண்பர். மதுரைக்குச் சென்றால் சுதை பூசிய கையை நினைப்பர். செரி மெனாந்திக்குச் சென்றால் காஹாரையும் தாயிப்பையும் வணங்குவர். தம் தோட்டத்துக்குத் திரும்பினால், நிரை நிரையாய் நின்ற மரங்களைத் தாங்கியவர் பெயரைக் கேட்டு எழுதுவர்.

அப்பெயர்களைச் சொல்லவல்ல முதியோர் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கின்றனர். அவர் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்வது தமிழ்ப்பள்ளிகளின் இவ்வாண்டு வேலையாகட்டும்.